போர் விமான இன்ஜினைச் சோதிப்பவர் யாருக்குப் பதில் சொல்கிறார்?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். 2025 செப்டம்பர் 26 அன்று சண்டிகரில் மிக்-21 விமானங்களுக்கு விடைகொடுத்ததைப் பற்றியும், அதற்கு முந்தைய நாள் 97 தேஜஸ் மார்க்-1ஏ விமானங்களுக்கு 62,370 கோடி ரூபாய் ஒப்பந்தம் கையெழுத்தானதைப் பற்றியும் எல்லா நாளிதழ்களும் விரிவாக எழுதின. உங்கள் நாளிதழும் எழுதியது. விமானம் எத்தனை, விலை எவ்வளவு, எப்போது வரும் என்பதெல்லாம் வந்தது. அந்த விமானங்களின் இன்ஜின் பறக்கத் தகுதியானது என்று கையெழுத்துப் போடுகிறவர் யார், அவர் யாருக்குக் கீழே வேலை செய்கிறார் என்பது மட்டும் எங்கேயும் வரவில்லை. நான் விமானப்படையில் இன்ஜின் ஃபிட்டராக வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். தாம்பரத்தில் பயிற்சி. பிறகு வடக்கே பல தளங்களில் மிக் ரக விமானங்களின் இன்ஜின்களோடுதான் என் சர்வீஸ் முழுவதும் போனது. இப்போது சூலூர் பக்கம் இருக்கிறேன். தேஜஸின் முதல் இரண்டு ஸ்க்வாட்ரன்களும் (விமானப் பிரிவுகளும்) இங்கேதான் வளர்ந்தன. அது ஒற்றை இன்ஜின் விமானம் என்பதால் இதை எழுதியே ஆக வேண்டும் என்று தோன்றியது.

முதலில் ஏற்பாடு எப்படி இருக்கிறது என்று சொல்லிவிடுகிறேன். பயணிகள் விமானத்துக்கு டி.ஜி.சி.ஏ. என்ற ஒழுங்குமுறை அமைப்பு இருக்கிறது. விபத்து நடந்தால் தனியாக ஏ.ஏ.ஐ.பி. என்ற விபத்து விசாரணை அமைப்பு விசாரிக்கும், அறிக்கையை வெளியிடும். 2025 ஜூன் 12 அன்று ஆமதாபாத்தில் ஏர் இந்தியா விமானம் விழுந்தது. ஒரே மாதத்தில், ஜூலை 12 அன்று, முதல்கட்ட அறிக்கை மக்கள் கைக்கு வந்துவிட்டது. ராணுவ விமானங்களுக்கு இந்த இரண்டும் பொருந்தாது. அங்கே வடிவமைப்பைச் சோதித்துச் சான்று தருவது பெங்களூருவில் உள்ள செமிலாக். தயாரிப்பிலும் ஓவர்ஹாலிலும் (முழுதாகப் பிரித்துப் பழுதுபார்ப்பதிலும்) தரத்தைப் பார்ப்பது டி.ஜி.ஏ.க்யூ.ஏ. இரண்டிலும் கெட்டிக்காரர்கள் இருக்கிறார்கள், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் செமிலாக் என்பது அரசின் பாதுகாப்பு ஆராய்ச்சி அமைப்பான டி.ஆர்.டி.ஓ.வின் ஓர் அங்கம். உள்நாட்டுப் போர் விமான இன்ஜினான காவேரியை வடிவமைத்த ஜி.டி.ஆர்.இ.யும் அதே டி.ஆர்.டி.ஓ.வின் ஆய்வகம்தான். டி.ஜி.ஏ.க்யூ.ஏ. பாதுகாப்பு உற்பத்தித் துறைக்குக் கீழே வருகிறது. இன்ஜின் தயாரித்து ஓவர்ஹாலும் செய்கிற எச்.ஏ.எல். நிறுவனமும் அதே துறையின் கீழ்தான். இன்ஜினைச் செய்கிறவரும் அது சரியா என்று சொல்கிறவரும் கடைசியில் ஒரே மேஜைக்குத்தான் பதில் சொல்கிறார்கள். இலக்குத் தேதி நெருங்கும்போது அந்த மேஜையிலிருந்து எந்தப் பக்கம் அழுத்தம் வரும் என்று சர்வீஸில் இருந்தவர்களுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை.

ஓர் இன்ஜின் கெட்டுப்போகிறது என்பது தரையில் எப்படித் தெரியும் என்று பொதுமக்களுக்குத் தெரிய வாய்ப்பில்லை. இன்ஜினுக்குள் எண்ணெய் சுற்றும் வழியில் மேக்னடிக் பிளக் என்று ஒன்று இருக்கும். நுனியில் காந்தம். உள்ளே பேரிங்கோ கியரோ தேய்ந்தால் அந்த இரும்புத்தூள் எண்ணெயோடு வந்து நுனியில் ஒட்டிக்கொள்ளும். குறித்த மணி நேரத்துக்கு ஒருமுறை லாக் வயரை வெட்டி, பிளக்கைக் கழற்றி, வெள்ளைத் துணியில் துடைத்துப் பார்க்க வேண்டும். கண்மை போல நைசாகக் கறுப்பாக ஒட்டியிருந்தால் சரி, அது வழக்கமான தேய்மானம். விரலில் உரசும்போது நறநறத்தாலோ, வெளிச்சத்தில் செதில் மாதிரி மின்னினாலோ இன்ஜினை அப்படியே நிறுத்திவிட வேண்டும். பேரிங் உதிரத் தொடங்கிவிட்டது என்று அர்த்தம். கூடவே எண்ணெயில் ஒரு சாம்பிள் எடுத்து லேபுக்கு அனுப்புவோம். அதில் இரும்பு எவ்வளவு, செம்பு எவ்வளவு என்று எழுதி வரும். ஒரு தடவை வந்த எண்ணை விட, முந்தைய சாம்பிள்களிலிருந்து அது எப்படி ஏறிக்கொண்டே வருகிறது என்பதுதான் முக்கியம்.

ஒரு குளிர்காலக் காலையில் எங்கள் தளத்தில் இப்படி ஒரு பிளக்கில் செதில் வந்தது. ஓவர்ஹால் முடிந்து வந்து அதிக மணி நேரம் ஓடாத இன்ஜின் அது. அன்றைக்கு சார்ட்டிகள் (பறப்புகள்) நிறைய இருந்தன. "தூளைத் துடைத்துவிட்டு ஒரு கிரவுண்ட் ரன் கொடுத்துப் பாருங்கள், மறுபடி வந்தால் பார்க்கலாம்" என்று ஒருவர் சொன்னார். எங்கள் இன்ஜினியரிங் ஆபீசர் இளைஞர்தான், ஆனால் உறுதியானவர். விமானத்தின் பராமரிப்புப் பதிவேடான ஃபார்ம் 700-ல் சிவப்பு மையில் எழுதி விமானத்தை நிறுத்திவிட்டார். இன்ஜினை இறக்கி அனுப்பினோம். பிரித்துப் பார்த்ததில் பேரிங்கின் கூடு உடைந்திருந்தது என்று பிறகு தெரிந்தது. இன்னும் ஒன்றிரண்டு சார்ட்டி பறந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

அது வரைக்கும் எல்லாம் ஒழுங்காகத்தான் நடந்தது. அதற்கு அப்புறம் நடந்ததுதான் எனக்கு இன்றைக்கும் ஆறவில்லை. அந்தக் கோளாறு பற்றிய விசாரணை, இன்ஜினை ஓவர்ஹால் செய்த அதே இடத்துக்குத்தான் போனது. மாதக்கணக்கில் காத்திருந்தோம். பதில் ஒரே வரியில் வந்தது: உபயோகத்தில் ஏற்பட்ட நியாயமான தேய்மானம். எந்த பேட்ச் பேரிங், அதே பேட்ச் வேறு எந்த இன்ஜின்களில் இருக்கிறது, பொருத்தும்போது அளவு பார்த்தவர் யார் என்று எதுவும் இல்லை. அந்த ஆபீசர் மறுபடியும் எழுதிக் கேட்டார். அதற்குப் பதிலே வரவில்லை. பிறகு அவருக்கு வழக்கமான மாறுதல் வந்துவிட்டது, கோப்பும் மூடப்பட்டது. அந்த நிறுவனத்தின் பெயரைச் சொல்லப் போவதில்லை. அங்கே வேலை செய்தவர்களும் என்னைப் போன்ற தொழிலாளிகள்தான். தங்கள் வேலையில் தப்பு இருக்கிறதா என்று தாங்களே தீர்ப்பு எழுத வேண்டிய நிலையில் அவர்களை வைத்ததுதான் கோளாறு.

இது ஏதோ பழைய கதை என்று வாசகர்கள் நினைக்கக் கூடாது. 2015 மார்ச்சில் பாதுகாப்பு அமைச்சராக இருந்த மனோகர் பாரிக்கர், சுகோய்-30 விமானங்களின் ஏ.எல்.-31எஃப்.பி. இன்ஜின் பற்றி வெளிப்படையாகவே பேசினார். 2012 முதல் ஆராயப்பட்ட 69 இன்ஜின் கோளாறுகளில் 33-க்குக் காரணம் பேரிங். 11-க்கு அதிர்வு. 8-க்கு எண்ணெய் அழுத்தம் குறைந்தது. ரஷ்யத் தயாரிப்பாளர் சில மாற்றங்களைச் செய்து தந்த பிறகு நிலைமை சீரடைந்தது. அன்றைக்கு அவர் அந்த எண்களைச் சொன்னதற்கு நான் மனதாரக் கைதட்டினேன். ஆனால் ஓர் அமைச்சர் விரும்பியதால் வெளியே வந்த தகவல் அது. சட்டப்படியோ விதிப்படியோ அதைச் சொல்ல வேண்டிய கட்டாயம் யாருக்கும் இருக்கவில்லை. சுகோய்க்கு இரண்டு இன்ஜின், ஒன்று நின்றாலும் மற்றொன்றில் தளத்துக்குத் திரும்பிவிடலாம். தேஜஸ் விமானிக்கு அந்த வசதி கிடையாது. 2024 மார்ச் 12 அன்று ஜெய்சல்மர் அருகே முதல் தேஜஸ் விழுந்தது. விமானி குதித்துத் தப்பினார். எண்ணெய் பம்ப் பழுதாகி இன்ஜின் இறுகிவிட்டது என்று நாளிதழ்களில் செய்தி வந்ததே தவிர, முழு விசாரணை அறிக்கையை யாரும் மக்கள் முன் வைக்கவில்லை.

மிக்-21-ஐ 'பறக்கும் சவப்பெட்டி' என்று எழுதும்போதெல்லாம் எனக்கு வலிக்கும். 2012 மே மாதம் அப்போதைய பாதுகாப்பு அமைச்சர் ஏ.கே. அந்தோணி மாநிலங்களவையில் ஒரு கணக்குக் கொடுத்தார். வாங்கிய 872 மிக் ரக விமானங்களில் 482 விபத்தில் போயின. இறந்தவர்கள் 171 விமானிகள், பொதுமக்கள் 39 பேர், மற்றப் படையினர் 8 பேர். இவ்வளவும் அந்த விமானத்தின் தலைவிதியா? இளம் விமானிகள் மெதுவான பயிற்சி விமானத்திலிருந்து நேரே மிக்-21-க்கு வந்தார்கள். இடையில் ஒரு நவீன ஜெட் பயிற்சி விமானம் வேண்டும் என்று 1982-லேயே லா ஃபோன்டைன் குழு சொன்னது. 1997-ல் நம் அப்துல் கலாம் தலைமையில் இன்னொரு குழுவும் போர் விமான விபத்துகளை ஆராய்ந்தது. ஹாக் பயிற்சி விமானம் படையில் சேர்ந்தது 2008-ல்! குழு சொன்னதை நடைமுறைப்படுத்தினார்களா என்று கேட்கும் அதிகாரம் உள்ள தனி அமைப்பு ஒன்று இருந்திருந்தால் இருபத்தாறு வருடம் ஆகியிருக்காது என்றே நான் நம்புகிறேன்.

வெளிநாட்டில் இதற்காக என்ன விலை கொடுத்தார்கள் என்பதையும் சொல்ல வேண்டும். பிரிட்டன் தன் சினூக் ஹெலிகாப்டர்களின் இன்ஜின்களுக்குக் கம்ப்யூட்டர் கட்டுப்பாடு ஒன்றைப் பொருத்தியது. ஃபேடெக் என்று சொல்வார்கள். இன்ஜினுக்கு எவ்வளவு எரிபொருள் போக வேண்டும் என்று முடிவு செய்வதே அந்தக் கம்ப்யூட்டர்தான். 1989-ல் அமெரிக்காவில் தரைச் சோதனையின்போது அது இன்ஜினை எல்லை மீறி ஓடவிட்டு ஒரு சினூக்கைச் சேதப்படுத்தியது. பிரிட்டிஷ் பாதுகாப்பு அமைச்சகம் தயாரிப்பாளர் மேல் வழக்கே போட்டது. பிறகு மென்பொருளைச் சரிபார்க்க ஒரு நிறுவனத்திடம் கொடுத்தார்கள். 18 சதவீதம் படித்த அளவிலேயே 486 முரண்பாடுகள் தென்பட்டன. அதோடு நிறுத்திவிட்டார்கள். பாஸ்கம் டவுன் சோதனை மையத்தின் பொறியாளர்கள் இது ஆபத்தானது என்றே எழுதினார்கள். அவர்களுடைய சோதனை விமானிகள் அந்த ரக சினூக்கை ஓட்டுவதையும் நிறுத்தினார்கள். அதற்கு அடுத்த நாள், 1994 ஜூன் 2 அன்று, வட அயர்லாந்திலிருந்து ஸ்காட்லாந்துக்குப் புறப்பட்ட அதே ரக சினூக் ஒன்று மல் ஆஃப் கின்டயர் மலையில் மோதியது. 29 பேர் இறந்தார்கள்.

ஃபேடெக்தான் காரணம் என்று எவரும் நிரூபிக்கவில்லை, நானும் சொல்லவில்லை. ஆனால் சோதனை மையம் தகுதியில்லை என்று சொன்ன விமானத்தில், அந்தச் சந்தேகத்தையெல்லாம் ஒதுக்கிவிட்டு, இறந்துபோன இரண்டு விமானிகள் மேல் பெரும் அலட்சியம் என்ற பழியைச் சுமத்தினார்கள் இரண்டு மூத்த அதிகாரிகள். அந்தப் பழியைத் துடைக்கக் குடும்பங்கள் 16 வருடம் போராடின. 2011-ல் ஓய்வுபெற்ற நீதிபதி பிலிப் பிரபுவின் ஆய்வுக்குப் பிறகுதான் தீர்ப்பு ரத்தானது, அமைச்சர் மன்னிப்புக் கேட்டார். செத்தவன் எழுந்து வந்து பேச மாட்டான் என்பதால் 'விமானியின் தவறு' என்று எழுதுவது எந்த நாட்டிலும் சுலபம்.

இதற்கு நடுவில் இன்னொன்று நடந்தது. 2006 செப்டம்பர் 2 அன்று ஆப்கானிஸ்தானில் பிரிட்டனின் நிம்ராட் கண்காணிப்பு விமானம் ஒன்று வானத்திலேயே எரிந்து 14 பேர் இறந்தார்கள். பறக்கும்போதே எரிபொருள் நிரப்பியதில் கசிந்த எரிபொருள், இன்ஜினிலிருந்து சூடான காற்றைக் கொண்டுபோகும் குழாயில் பட்டுப் பற்றிக்கொண்டது. சார்லஸ் ஹேடன்-கேவ் என்ற வழக்கறிஞர் விசாரித்து 2009-ல் தந்த அறிக்கை முழுக்க வெளியானது. தவறியவர்களைப் பெயர் சொல்லியே எழுதினார். அந்த விமானத்தின் பாதுகாப்பு ஆவணத்தில் 40 சதவீதத்துக்கு மேற்பட்ட ஆபத்துகள் தீர்க்கப்படாமலேயே கிடந்ததையும், எல்லாம் முடிந்தது என்று கையெழுத்துப் போட்டதையும் ஒளிக்காமல் சொன்னார். அதன் விளைவாக 2010-ல் ராணுவ விமானங்களுக்கென்று தனி ஒழுங்குமுறை ஆணையம் அமைந்தது. அது அமைச்சகத்துக்குள்தான் இருக்கிறது. ஆனால் விமானம் வாங்குகிறவருக்கும் ஓட்டுகிறவருக்கும் கட்டுப்பட்டதல்ல. இன்றைக்கு அவர்களுடைய விபத்து அறிக்கைகளை யார் வேண்டுமானாலும் படிக்கலாம். 2021 நவம்பரில் பிரிட்டிஷ் விமானந்தாங்கிக் கப்பலிலிருந்து எழும்பிய எஃப்-35பி போர் விமானம் ஒன்று கடலில் விழுந்தது. இன்ஜினின் காற்று வழியை மூடும் உறை ஒன்று எடுக்கப்படாமல் உள்ளேயே இருந்துவிட்டது. அறிக்கையைப் படித்தபோது, உறைகளை எண்ணி வைக்கும் பழக்கம் எங்கே தளர்ந்தது, யார் யாரிடம் ஒப்படைத்தார்கள் என்று அடி அடியாக இருந்தது. ஒரு ஃபிட்டருக்கு அதைவிடப் பெரிய பாடப்புத்தகம் வேண்டாம். நம் பையன்கள் பிரிட்டிஷ்காரன் தவறிலிருந்து கற்றுக்கொள்ளலாம், நம் தவறிலிருந்து கற்றுக்கொள்ளத்தான் வழியில்லை!

ரகசியம் என்பார்கள். வேகம், ராடார், ஆயுதம் இவையெல்லாம் ரகசியமாக இருக்கட்டும், யார் கேட்டது? பேரிங் ஏன் உடைந்தது என்பதில் என்ன ரகசியம்? 2022 ஆகஸ்டில் அமெரிக்கத் தரைப்படை தன் சினூக்குகள் அத்தனையையும் நிறுத்திவைத்தது. எரிபொருள் கசிந்து சில இன்ஜின்களில் தீப்பிடித்திருந்தது. காரணம், வடிவமைப்பில் சொன்ன தரத்துக்குப் பொருந்தாத ஓ-ரிங். ஒரு ரப்பர் வளையம், அவ்வளவுதான். அதை அவர்கள் வெளியே சொன்னதால்தான் அதே ஹெலிகாப்டரை வைத்திருக்கும் நம் விமானப்படையும் உடனே விவரம் கேட்க முடிந்தது.

சரி, இப்போது ஏன் அவசரம்? 2024 செப்டம்பரில் சுகோய்க்காக 240 இன்ஜின்களுக்கு 26,000 கோடி ரூபாய் ஒப்பந்தம் போட்டாயிற்று. ஒடிசாவின் கோராபுட்டில் அவை தயாராகும். ஏ.எம்.சி.ஏ. என்கிற அடுத்த தலைமுறைப் போர் விமானத் திட்டத்தில் தனியார் நிறுவனங்களும் போட்டியிடலாம் என்று 2025 மே மாதம் அறிவித்துவிட்டார்கள். செமிலாக்கும் பழைய 2002 நடைமுறையை மாற்றி ஐ.எம்.டி.ஏ.ஆர்.-21 என்ற புது விதிகளைக் கொண்டுவந்திருக்கிறது, தனியார் வடிவமைப்பாளர்களுக்கும் ஒப்புதல் தரும் முறை அதில் இருக்கிறது. நல்ல விதிகள்தான். கோவை, ஓசூர், சென்னைப் பகுதிப் பட்டறைகளிலிருந்து பாகங்கள் போகப் போகின்றன. ஆவடியில் உள்ள டி.ஆர்.டி.ஓ. ஆய்வகமான சி.வி.ஆர்.டி.இ. தேஜஸுக்கு கியர்பாக்ஸே செய்து கொடுத்திருக்கிறது. இத்தனை கைகள் சேரும்போது, 'இந்த பேட்ச் வேண்டாம்' என்று சொல்கிறவர் எவருடைய தயவிலும் இருக்கக் கூடாது. விதி எவ்வளவு நன்றாக இருந்தாலும், அதைச் செயல்படுத்துகிறவருக்கு மாறுதலும் பதவி உயர்வும் தருகிறவர் யார் என்பதைப் பொறுத்தே அது நிற்கும்.

செமிலாக்கையும் டி.ஜி.ஏ.க்யூ.ஏ.வையும் ஒன்றாக்கி, டி.ஆர்.டி.ஓ.விடமிருந்தும் உற்பத்தித் துறையிடமிருந்தும் பிரித்து, நேரடியாகப் பாதுகாப்பு அமைச்சருக்குப் பதில் சொல்லும் ஆணையமாக நாடாளுமன்றச் சட்டத்தின் மூலம் அமைக்க வேண்டும். இன்ஜின் கோளாறு எதுவானாலும் அதன் விசாரணையை இன்ஜினைத் தயாரித்தவரிடமோ ஓவர்ஹால் செய்தவரிடமோ விடாமல் இந்த ஆணையமே நடத்த வேண்டும். ரகசியப் பகுதியை நீக்கிவிட்டு முடிவுகளை வெளியிட வேண்டும். அப்போது பணியில் இருக்கும் ஓர் இளம் ஆபீசர் இரண்டாவது முறை எழுதிக் கேட்டால் அதற்குப் பதில் வந்தே ஆக வேண்டும் என்ற நிலை உண்டாகும்.

2024 டிசம்பரில் பாதுகாப்பு நிலைக்குழு நாடாளுமன்றத்தில் வைத்த அறிக்கையில், 2017 முதல் 2022 வரை விமானப்படையில் நடந்த 34 விபத்துகளின் அட்டவணை இருந்தது. காரணம் என்ற கட்டத்தில் மனிதத் தவறு, தொழில்நுட்பக் கோளாறு, பறவை மோதல் என்று இரண்டிரண்டு வார்த்தைகள். தொழில்நுட்பக் கோளாறு என்று எழுதிய ஒவ்வொரு வரியிலும் எந்தப் பாகம், எந்த பேட்ச், அதை ஏற்றுக்கொண்டவர் எந்த அமைப்பு என்று நம் தமிழ்நாட்டு எம்.பி.க்கள் வரும் கூட்டத்தொடரிலேயே எழுத்துபூர்வமாகக் கேட்க வேண்டும். உங்கள் நாளிதழ் அந்தக் கேள்வியை அவர்களிடம் கொண்டுபோய்ச் சேர்க்கும்படி கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஜூனியர் வாரண்ட் ஆபீசர் (இன்ஜின் ஃபிட்டர்), இந்திய விமானப்படை,
சூலூர், கோவை மாவட்டம்.